ஏறிக்கொள்ள ஒரு கைப்பிடி

புதுப் பிக்கப் வண்டி வாங்கியவர்களில் பாதிப் பேர் ஒரு மாதத்துக்குள் எங்கள் கடைக்கு வந்து நிற்பார்கள். ஷோரூமில் பளபளப்பைப் பார்த்து மயங்கிவிடுவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோன பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரியவரும். பின்தொட்டியில் விளக்கு இல்லை. பின்கதவைத் திறந்தால் தடாலென்று விழுகிறது. பக்கத்து இருக்கைக் கதவில் சாவி நுழைக்க ஓட்டையே கிடையாது. "பழைய வண்டியில இதெல்லாம் இருந்துச்சேக்கா" என்று, என்னவோ நான்தான் ராவோடு ராவாகக் கழற்றி ஒளித்துவைத்த மாதிரி என்னிடம் கேட்பார்கள்.

இதில் எனக்கு எரிச்சல் வருவது எதற்கு என்றால், கம்பெனிக்காரன் எல்லாவற்றையும் விட்டுவிடுவதும் இல்லை. டேஷ்போர்டைக் கழற்றினால் உள்ளே ஒயர் வந்து நிற்கும், சுவிட்ச் இருக்காது. சுவிட்ச் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி. கதவுத் தூணில் கைப்பிடிக்கு இரண்டு ஓட்டை போட்டிருப்பான், கைப்பிடி இருக்காது. அங்கேயும் மூடி. தருவதற்கு மனசு வந்து, கடைசி நிமிஷத்தில் கையை இழுத்துக்கொண்டவன் மாதிரி. அந்த மூடிகளைப் பிடுங்கிப் பிடுங்கித்தான் நாங்கள் வயிறு கழுவுகிறோம், அதனால் ரொம்பத் திட்டவும் முடியாது.

கடை என் கணவருக்கும் எனக்கும் பொது. இரும்பு, துளை, போல்ட் எல்லாம் அவர் பாடு. ஒயர் என் பாடு. வாடிக்கையாளர்கள் அவரைப் போல்ட்டு அண்ணன் என்பார்கள், என்னை ஒயர் அக்கா என்பார்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் அவர் கை நுழையாது. என் கை நுழையும். கண்ணை மூடிக்கொண்டு தொட்டே எந்த ஒயர் எங்கே போகிறது என்று சொல்லிவிடுவேன்.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. யாருக்காகப் போடுகிறோமோ அந்த ஆள் வந்து வண்டியில் ஏறிக் காட்டாமல் எதையும் பொருத்தமாட்டார். தண்ணீர் கேன் போடுகிற அம்மா ஒருவர், என் தோள் உயரம்கூட இருக்கமாட்டார், ஓட்டுநர் பக்கம் கைப்பிடி கேட்டு வந்தார். "ஏறுங்க. இறங்குங்க. இன்னொரு தடவை ஏறுங்க" என்று இவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த அம்மாவின் உள்ளங்கை ஒவ்வொரு தடவையும் எங்கே போய்ப் படுகிறது என்று பார்த்துச் சாக்பீஸால் கோடு போட்டார். கடைசியில் அந்த அம்மா மூச்சு வாங்க நின்றுகொண்டு, "தம்பி, நான் கைப்பிடி போட வந்தேனா, உடம்பு இளைக்க வந்தேனா?" என்று கேட்டார்.

"கம்பெனி ஆறடி ஆளுக்குப் போட்டு வெச்சிருக்கான்மா. நீங்கதானே ஏறப்போறீங்க" என்றார் இவர். அந்த அம்மா பிறகு நான்கு பேரை எங்களிடம் அனுப்பிவைத்தார்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் இடது பக்கம் என்னைக் கேட்காமலே விடுப்பு எடுத்துக்கொண்டது. பக்கவாதம். இடது கை, இடது கால் இரண்டும் போயின. வாய் மட்டும் தப்பியது. "அது தப்பினதுதான் எனக்குக் கவலையா இருக்கு" என்று என் கணவர் நர்ஸிடம் சொன்னாராம். சொல்லிவிட்டு வராந்தாவில் போய் நின்று அழுதாராம். இரண்டையும் நர்ஸ்தான் என்னிடம் சொன்னாள்.

பிறகு பயிற்சி. சாண் ஏறினால் முழம் சறுக்கியது. கால் மெதுவாகத் திரும்பி வந்தது. இழுத்து இழுத்து நடக்கலாம், வீட்டிலிருந்து முன்பக்கம் இருக்கும் கடை வரைக்கும் ஆள் துணையில்லாமல் வருவேன். கைதான் வரவில்லை. நெஞ்சு உயரம் வரைக்கும் தூக்கலாம், விரல்கள் மடங்கும். ஆனால் பிடிக்காது. ஒரு டம்ளரைக் கொடுத்தால் அதைத் தொட்டுக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். பயிற்சி கொடுக்கிற பெண் நல்லவள், ஒருநாள் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள். "இந்தக் கை இதுக்கு மேல பெரிசா மாறும்னு எனக்குத் தோணலைங்க. இருக்கறதை வெச்சுப் பழகிக்கலாம்." நான் தலையாட்டினேன். இவர் அவளிடம், "சரிம்மா, அடுத்த வாரம் என்ன பயிற்சி?" என்று கேட்டார்.

அப்போதும் எனக்குப் பெரிய கவலை இல்லை. ஏனென்றால் எங்களிடம் பழைய வேன் இருந்தது. தரையோடு தரையாக இருக்கும், நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்துவிடலாம். எங்கள் வேலையில் பாதி வெளியில்தான். மரக்கடை, கட்டுமான இடம், கோழிப் பண்ணை என்று வண்டியை அனுப்ப முடியாதவர்கள் கூப்பிடுவார்கள், நாங்கள் இருவரும் போவோம். எங்கள் சண்டை எல்லாம் வேனில்தான் நடக்கும், சமாதானமும் அங்கேதான். வீட்டில் அவருக்குப் பேச வராது. ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் வாய் திறக்கும்.

அந்த வேன் ஒரு மேட்டில் நின்று உயிரை விட்டது. பழுதுபார்க்கிற செலவுக்கு இன்னொரு வண்டியே வாங்கலாம் என்றார்கள். இவர் ஒரு புதுப் பிக்கப் வாங்கிக்கொண்டு வந்தார். இருக்கிறதிலேயே அடிமட்ட மாடல். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசித்த கதையாக, ஒரு வசதியும் இல்லாத வண்டி.

"நமக்கென்ன, நாமளே போட்டுக்க மாட்டோமா?" என்றார்.

"இப்படிச் சொல்ற கடைக்காரன் வீட்டு வண்டியிலதான் ஒண்ணுமே இருக்காது" என்றேன்.

அன்றைக்கே மரக்கடைக்கு ஒரு வேலை. நானும் கிளம்பினேன். கதவைத் திறந்துவிட்டார். இருக்கை என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. படி இல்லை, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. நான் வலது காலை ஊன்றுவதா, இடது காலைத் தூக்குவதா என்று தடுமாறிக்கொண்டிருக்கும்போது, இவர் பின்னால் வந்து இரண்டு கையாலும் என்னை அள்ளித் தூக்கி உள்ளே வைத்துவிட்டார். எதிரே டயர்க்கடையில் மூன்று பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "பாத்துண்ணே, அண்ணிய அலுங்காம வைங்க" என்றார் டயர்க்கடைக்காரர், கண்ணாடிப் பெட்டி ஏற்றுகிறவர்களுக்குச் சொல்வது போல. நல்ல மனுஷர், அக்கறையில்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மரக்கடையில் இறங்கவும் தூக்கினார். திரும்பும்போது மறுபடியும். வீட்டு வாசலில் மறுபடியும். அன்றைக்குச் சொன்னேன்.

"இதோட சரி. நானா ஏற முடிஞ்சா வரேன். மூட்டை மாதிரி என்னைத் தூக்கிப் போடறதா இருந்தா நான் இனிமே எங்கயும் வரலை."

"நான்தானே தூக்கறேன். வேத்து ஆளா?"

"நீங்கங்கறதாலதான் சொல்றேன்."

அவருக்கு அது புரியவில்லை. எனக்கும் விளக்கத் தெரியவில்லை. இருபது வருஷமாக அந்த மனுஷனோடு தோளுக்குத் தோள் உட்கார்ந்து போனவள் நான். நோயாளியாக அவர் கையில் தொங்கிக்கொண்டு போவதற்கு வீட்டிலேயே கிடந்துவிடலாம் என்று தோன்றியது.

அதன்பின் அவர் தனியாகப் போனார், ஒயர் வேலையையும் தானே பார்த்தார். கோழிப் பண்ணைக்காரரின் பிக்கப்பில் பின்தொட்டி விளக்கை சுவிட்ச் வழியாக விடாமல் நேராகப் பேட்டரியில் மாட்டிவிட்டு வந்துவிட்டார். விளக்கு விடியவிடிய எரிந்தது. காலையில் வண்டி கிளம்பவில்லை. பண்ணைக்காரர் எனக்குத்தான் போன் செய்தார். "அக்கா, கோழிங்க எல்லாம் ராத்திரியப் பகல்னு நெனச்சுக் கத்தித் தீர்த்துடுச்சுங்க. நீங்க எப்பக்கா வருவீங்க?" நான் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எப்போது வருவேன் என்று எனக்கே தெரியவில்லை. இப்படியே ஒரு வருஷம் போனால் நான் இல்லாமல் அந்த வேலை பழகிவிடும், அப்புறம் யாரும் கேட்கவும் மாட்டார்கள். அதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நாளாக அவர் கடை விடுமுறை நாட்களில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே எதையோ செய்துகொண்டிருந்தார். எட்டிப் பார்க்கப் போனால், "தூசி, உள்ள வராதே" என்பார். கடைக்கு வந்த நாளிலிருந்து நான் தூசிக்குள்தான் இருக்கிறேன், இப்போது என்ன புதுத் தூசி? எதையோ மறைக்கிறார் என்று தெரிந்தது. என்ன என்பதும் ஓரளவு தெரிந்தது. அவருக்கு மறைக்கவும் தெரியாது, பாவம். சாப்பிடும்போது என் முழங்கால் உயரத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார்.

ஒரு காலை, "வந்து பாரு" என்று கூப்பிட்டார். முகம் பரீட்சை எழுதிவிட்டு வந்த பையன் மாதிரி இருந்தது.

வண்டி கழுவித் துடைத்து நின்றது. இடது பக்கக் கதவுக்குக் கீழே அகலமாக ஒரு படி, மேலே சொரசொரப்பான ரப்பர். கதவைத் திறந்ததும் கால் வைக்கிற இடத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. இருக்கையின் ஓரத்தில் உடுப்பு மாட்டாமல் வழுக்கி உட்கார மெத்தென்று ஒரு தோல் உறை. வெயில் மறைப்பை இறக்கினால் முகம் பார்க்கக் கண்ணாடி. ஓட்டுநர் பக்கம் அது கம்பெனியே கொடுத்திருந்தது, இந்தப் பக்கம் கொடுக்கவில்லை. கதவிலே சாவி ஓட்டைகூடப் போட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்தூணில், முன்கண்ணாடியை ஒட்டி, கறுப்பாக, தடிமனாக ஒரு கைப்பிடி.

"இத்தனை வாரமா இதுதானா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஏறிப் பாரு. நான் கிட்டயே வரமாட்டேன்" என்று சொல்லி இரண்டடி தள்ளிப்போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கதவைப் பார்த்து நின்றேன். வலது காலைத் தூக்கிப் படியில் வைத்தேன். நன்றாகப் பிடித்தது. இனி கைப்பிடியைப் பிடித்து உடம்பை மேலே இழுக்கவேண்டும். அந்தப் பக்கத்துக் கதவைப் பார்த்து நின்றால் வண்டியின் முன்பக்கம் நமக்கு இடது கைப்பக்கம். கைப்பிடி இடது கைக்கு எதிரே இருந்தது. என் இடது கை நெஞ்சு வரைக்கும் எழுந்தது. இன்னும் கொஞ்சம் எழுந்தது. விரல் நுனிகள் கைப்பிடியின் அடிப்பக்கத்தைத் தொட்டன. தொட்டுக்கொண்டு நின்றன.

வலது கையைக் குறுக்கே நீட்டிப் பார்த்தேன். உடம்பு முறுக்கிக்கொண்டது, கால் நழுவப் பார்த்தது. காலைக் கீழே இறக்கிவிட்டேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. தண்ணீர் கேன் அம்மாவை மூச்சு வாங்க ஏற்றி இறக்கிக் கோடு போட்ட மனுஷன், என்னை மட்டும் ஒரு தடவைகூட ஏறச் சொல்லவில்லை. கம்பெனி போட்டு வைத்திருந்த இரண்டு ஓட்டைகளின் மூடியைப் பிடுங்கி அங்கேயே மாட்டிவிட்டார்.

எனக்கு வந்த கோபம் இவ்வளவு அவ்வளவு இல்லை. "ஊரெல்லாம் அளவெடுத்துப் போடுறீங்க. உங்க பொண்டாட்டிக்கு எந்தக் கை வராதுன்னுகூடவா மறந்துபோச்சு?"

"மறக்கலை."

"அப்புறம்?"

"நாள் ஆகும்னுதான் சொன்னாங்க. கை வந்துடும். வந்ததும் இது சரியா இருக்கும்."

அப்படி யாரும் சொல்லவில்லை. அந்தப் பெண் சொன்னது வேறு. நான் அவரைப் பார்த்தேன். அவர் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனதில் என் கை முழுசாக இருந்தது. டேஷ்போர்டுக்குப் பின்னால் நுழைகிற அந்தப் பழைய கைக்காகத்தான் இத்தனை வாரம் உட்கார்ந்து கைப்பிடி போட்டிருக்கிறார். என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவரைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

"சாக்பீஸ் எங்க?" என்றேன்.

"எதுக்கு?"

"கொண்டு வாங்க. நான் ஏறிக் காட்டறேன்."

மறுபடியும் படியில் கால் வைத்தேன். இந்தத் தடவை வலது கையை அதன் போக்கில் விட்டேன். அது இருக்கைக்குப் பின்னால் இருக்கும் நடுத்தூணில், என் காதுக்குக் கொஞ்சம் மேலே போய்ப் பட்டது. இறங்கினேன். ஏறினேன். அதே இடம். "இங்க" என்றேன். அவர் கோடு போடவில்லை. சாக்பீஸை வாங்கி நானே போட்டேன்.

"அங்க கம்பெனி ஓட்டை கிடையாது" என்றார்.

"போடுங்க."

"புது வண்டிம்மா. உள்ள சீட் பெல்ட் ஓடுது, ஒயர் ஓடுது."

"பெல்ட் கீழ ஓடுது. ஒயர் பின் ஓரமாப் போகுது. இந்த மாடல் தூணுக்குள்ள எத்தனை தடவை கைய விட்டிருக்கேன். நடுவுல வெறும் தகடுதான்."

"ஓட்டை போட்டா அப்புறம் மூட முடியாது."

"மூடவே வேண்டாங்க."

"இன்னும் ஒரு ஆறு மாசம் பாப்போமே. கை வந்துட்டா இந்த ஓட்டை வீண்தானே?"

"வராதுங்க" என்றேன். இதுவரை நான் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லும்போது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "கை வராது. ஆனா நான் வரேன். மரக்கடைக்கு வரேன், கோழிப் பண்ணைக்கு வரேன். ஒயரை நீங்க பிடிங்க, எதுன்னு நான் சொல்றேன். கை வரட்டும்னு நீங்க காத்துக்கிட்டிருந்தா நான் வீட்லயே கிழவியாயிடுவேன்."

அவர் சாக்பீஸ் கோட்டின்மேல் கட்டைவிரலை வைத்து அளந்து பார்த்தார். பிறகு தூணின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றினார். வேறு எந்த வேலையிலும் நான் பார்க்காத அளவுக்கு மெதுவாக. உள்ளே நான் சொன்னபடியே ஒயர் பின் ஓரமாகப் போனது. டிரில்லை எடுத்தார், கீழே வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி எடுத்தார்.

"சரியா இங்கதானே?" என்றார்.

"அங்கதான்."

துளைத்தார். தகட்டுப் பொடி சுருள் சுருளாகப் படியில் விழுந்தது. இரண்டாவது துளை போடும்போது அவர் கண்ணில் தண்ணீர் இறங்கியது. பொடி பட்டிருக்கும் என்று அவர் சொன்னால் நம்பத் தயாராக இருந்தேன், அவர் அதைக்கூடச் சொல்லவில்லை. உள்பக்கம் ஒரு கனத்த பட்டையை வைத்து, முன்தூணிலிருந்து அதே கைப்பிடியைக் கழற்றி இங்கே மாட்டி, முழு உடம்பையும் அதில் தொங்கவிட்டு இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"ஏறு" என்றார்.

வலது கால் படியில். வலது கை கைப்பிடியில். இழுத்தேன். என் உடம்பு, நான் தூக்கிக்கொண்டே அலைந்த அந்தப் பாரமான உடம்பு, மேலே வந்தது. இடுப்பு இருக்கையின் ஓரத்தில் பட்டு, தோல் உறையில் வழுக்கி உள்ளே போயிற்று. இடது காலை முட்டிக்குக் கீழே வலது கையால் பிடித்து உள்ளே எடுத்து வைத்தேன். உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. எதிரே டயர்க்கடைக்காரர் கையில் டயரோடு பார்த்துக்கொண்டு நின்றார். "என்னண்ணே, அலுங்காம ஏறிட்டேனா?" என்று கத்தினேன். அவர் டயரைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார்.

"இறங்கி இன்னொரு தடவை ஏறு" என்றார் என் கணவர்.

"ஏன்?"

"எல்லாருக்கும் அப்படித்தானே பாக்கறேன்."

ஏறினேன், இறங்கினேன். தண்ணீர் கேன் அம்மா பட்ட பாடு எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. திருப்தியான பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சுற்றி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். மரக்கடைக்காரர் காலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார், போகவேண்டும். ஆனால் இவர் வண்டியைக் கிளப்பவில்லை. என் மடியில் கிடந்த இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"ராத்திரி நீ தூங்கினதுக்கப்புறம் இதைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருப்பேன்" என்றார். "என்னிக்காவது திருப்பிப் பிடிக்குதான்னு. தினமும் பாப்பேன்."

"நான் தூங்கியிருக்க மாட்டேங்க" என்றேன். "நீங்க பிடிச்சதும் நானும் பிடிச்சுப் பாப்பேன். தினமும்."

அவர் அப்படியே குனிந்து அந்தக் கையில் முகத்தை வைத்துக்கொண்டார். அவர் கன்னத்தின் ஈரம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. வலது கையால் அவர் தலையைத் தடவிக்கொடுத்தேன். போன் அடித்தது. மரக்கடைக்காரராகத்தான் இருக்கும். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.